ஒரு ஜாஸ் டிரம்மர் ஆயுசு முழுக்கப் பக்கவாத்தியமாகவே வாசித்துப் பிழைக்க முடியுமா?

கேள்வியைப் பார்த்தால், வீட்டில் யாரோ "இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறார்கள் போல. நான் திருச்சிப் பக்கம் 14 வருடம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். ஜாஸ் கேட்பதோடு சரி. 'உனக்கென்ன தகுதி' என்று யாரும் வரிந்துகட்ட வேண்டாம்.

பிழைக்கலாம். அமெரிக்க ஜாஸ் டிரம்மர் ஜிம்மி காப் பிழைத்தார். 1958இல் ஒரு மாலை, டிரம்பெட் வாசிப்பவரும் குழுத் தலைவருமான மைல்ஸ் டேவிஸ் போன் செய்து, அன்றிரவே வாசிக்கக் கூப்பிட்டார். இவர் இருப்பது நியூயார்க், கச்சேரி பாஸ்டனில். டிரம்ஸோடு விமானம் பிடித்துப் போனால் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். செட்டைப் பூட்டிக்கொண்டு பாதியில் சேர்ந்துகொண்டார்.

எனக்கும் ஒரு ராத்திரி அப்படி. மணப்பாறையில் ரிசப்ஷன், டிரம்மர் வரவில்லை என்று ஆறு மணிக்குப் போன். பஸ்ஸில் பேஸ் டிரம்முக்கு முழு டிக்கெட் போட்டார் கண்டக்டர். (வெங்காய மூட்டையைக் கண்டுகொள்ளாதவர்கள் வாத்தியத்தைப் பார்த்தால் மட்டும் சட்டம் பேசுவது ஏன்? இதை யாராவது தனிக் கேள்வியாகக் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.) போய்ச் சேரும்போது மூன்றாவது பாட்டு. ஒத்திகை கிடையாது, பாடகியின் தோளைப் பார்த்துத்தான் தாளம் பிடித்தேன். ஒரு பாட்டுகூடத் தடுமாறவில்லை. கடைசியில் அறிவிப்பாளர் எல்லார் பெயரையும் சொன்னார். டிரம்ஸுக்கு, வராதவர் பெயரைச் சொன்னார். கேட்டால், "பேனர்ல அவர் பேர்தானே தம்பி இருக்கு!"

காப் நிலைமை இவ்வளவு மோசமில்லை, ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1959இல் மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு பதிவானபோது டிரம்ஸ் அவர்தான். அதன் முதல் உருப்படி 'சோ வாட்'டில் மைல்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடத்தில் சிம்பலில் ஒரு அடி விழும், கேட்டிருக்கிறீர்களா? ஓங்கி அடித்துவிட்டோமோ என்று காப்புக்கே சந்தேகமாம். அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் மைல்ஸ் உள்ளே வந்திருப்பார். எனக்கு அந்த இசைத்தட்டே அந்த ஒரு அடிதான். அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதி போன தட்டு அது. பக்கவாத்தியக்காரருக்குப் பதிவு நாள் கூலிதான். பிறகு 70களில் பாடகி சாரா வானுக்கு வருடக்கணக்கில் வாசித்தார். 2009இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு தரும் ஜாஸ் மாஸ்டர் விருது. 2020இல் 91 வயதில் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்புதான் மருத்துவச் செலவுக்காகக் குடும்பம் இணையத்தில் பணம் திரட்டியது.

அதனால் எங்கே வாசிக்கப் போனாலும் பணத்தை முதலிலேயே கையில் வாங்கிவிடுங்கள். மணப்பாறையில் எனக்குப் பாதிதான் வந்தது. மீதிக்கு 'அடுத்த வாரம்' என்றார்கள், வருடம் ஒன்பது ஆகிறது.