கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

நடுவில் ஒரு நகரம், சுற்றிலும் சிதறிக் கிடக்கும் கிராமங்கள். இப்படி இருக்கும் ஒரு மாவட்டத்தில் சொந்த வண்டி இல்லாதவர்களும் நினைத்த நேரத்தில் போய்வர வேண்டும், நகரத்தில் புகையும் நெரிசலும் குறைய வேண்டும், அதற்கு எதிலிருந்து தொடங்குவது என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் அடிக்கடி தென்பட்ட கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்று எழுதியதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: மாவட்டத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடுகிறார்கள். முதல் வேலையே மின்சார பஸ் வாங்குவதுதானாம். பஸ்ஸே வராத கிராமத்தில் அது மின்சாரமா டீசலா என்பதா பிரச்சினை?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மின்சார பஸ் நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. சத்தம் குறைவு, புகை இல்லை. சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன்னுடைய 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. கிராமத்து ரூட்டில் கணக்கு வேறு. ஒரு வண்டி ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எந்த ஊரில் திரும்பும், அங்கே எத்தனை நிமிடம் நிற்கும், ராத்திரி எங்கே தங்கும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும், சார்ஜரை எங்கே வைப்பது என்றே முடிவு செய்ய முடியும். இதெல்லாம் கால அட்டவணையில் இருக்கிற விஷயம். ஆகவே அட்டவணை முதலில், வண்டி அப்புறம்.

அட்டவணை என்றால் நோட்டீஸ் பலகையில் ஒட்டுகிற காகிதம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு கிராமத்துக்குப் போக 30 நிமிடம், வர 30 நிமிடம், இரண்டு முனையிலும் ஐந்தைந்து நிமிடம் நிற்க வேண்டும் என்றால் ஒரு சுற்றுக்கு 70 நிமிடம். மணிக்கு ஒரு பஸ் விடுவதற்கு இரண்டு வண்டி, இரண்டு செட் ஆட்கள் வேண்டும். அதே ரூட்டில், நகரத்துக்குள் நுழையும் இடத்தில் சாலையை அடைத்து நிற்கும் வண்டிகளை அப்புறப்படுத்தி, ஒரு தேவையில்லாத சுற்றலை வெட்டி, டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்க வழிசெய்து, போகும்போது ஐந்து நிமிடமும் வரும்போது ஐந்து நிமிடமும் மிச்சம் பிடித்தால் சுற்று 60 நிமிடத்தில் முடிகிறது. ஒரே வண்டி போதும். மிச்சமான வண்டியை இதுவரை பஸ் பார்க்காத பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்பலாம். எதுவும் வாங்காமலே!

அட்டவணை முதலில் என்ற இந்த ஒரு யோசனையை சுவிட்சர்லாந்து நாடு முழுக்கச் செய்தது. 1982-ல் மணிக்கு மணி அதே நிமிடத்தில் ரயில் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த கட்டமான 'ரயில் 2000' திட்டத்தை 1987-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். பெரிய சந்திப்புகளில் ரயில்கள் எல்லாம் கடிகாரத்தில் முழு மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரும், சற்றுப் பின் கிளம்பும், வெளியே கிராமத்து பஸ் காத்துக்கொண்டு நிற்கும். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் நடுவே புதுப் பாதை போட்டு 2004-ல் பயண நேரத்தை 56 நிமிடமாக்கியதும் இதற்காகத்தான். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வண்டியைப் பிடிக்க முடியும், அதனால் அந்த அளவுக்கு வேகம் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறானதை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு ஊரில் சாயங்கால ரயில் 6.10-க்கு வந்து நிற்கும், கிராமத்துக்குப் போகிற பஸ் 6.05-க்குக் கிளம்பிவிடும். தினமும் இதே கதை. அடுத்த பஸ் 7.20-க்கு. நிலையத்து வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நிமிடத்தை யாரோ ஒருவர் திருத்தியிருந்தால் அத்தனை பேருக்கும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: மத்தியான நேரத்தில் பஸ் காலியாக ஓடுகிறது. மூன்று பேருக்காக டீசலை எரிப்பது சுற்றுச்சூழலுக்கே கேடு இல்லையா? நிறுத்திவிட்டால் என்ன?

பதில்: நிறுத்திப் பாருங்கள், காலையில் போகும் பஸ்ஸும் காலியாகும். காரணம் எளிது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பரிசோதனைக்காக காலை எட்டு மணி பஸ்ஸில் நகரத்துக்குப் போகிறாள் என்று வையுங்கள். பதினொன்றரைக்கு வேலை முடிகிறது. மத்தியான பஸ் இல்லை என்றால் சாயங்காலம் வரை அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள்? அடுத்த மாதம் யாராவது டூவீலரில் கொண்டுபோய் விடச் சொல்வாள், அல்லது பரிசோதனைக்கே போகமாட்டாள். காலை பஸ்ஸில் ஒரு ஆள் குறைந்தது. கணக்கெடுப்பவர் அதைப் பார்த்து அடுத்து காலை நடையில் கை வைப்பார். ஒரு ரூட் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. கடைசி பஸ்ஸும் அப்படியே. அதில் நான்கு பேர்தான் ஏறுவார்கள், ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இன்னும் நாற்பது பேர் அதற்கு முந்தைய பஸ்களை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

அதற்காக எல்லா ரூட்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஒரு பஸ்ஸை ஓட்டுவதற்கு இரண்டு நோக்கம் உண்டு. நிறையப் பேரை ஏற்றுவது ஒன்று, யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதற்கு நேரான சாலை, அடிக்கடி பஸ். இரண்டாவதற்குக் கிராமம் கிராமமாக வளைந்து போகிற ரூட். ஒரே பணத்தில் இரண்டையும் முழுசாகச் செய்ய முடியாது என்பதால் இதற்கு இத்தனை பங்கு, அதற்கு இத்தனை பங்கு என்று திட்டத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். எழுதாத ஊரில் வளைந்து போகிற ரூட்டை 'நஷ்டம்' என்று சொல்லி வெட்டுவார்கள். அது லாபத்துக்காகப் போட்ட ரூட்டே இல்லை.

கேள்வி: கிராமத்துக்கு பஸ்ஸே வேண்டாம், செல்போனில் கூப்பிட்டால் சின்ன வேன் வரட்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: கேட்க இனிக்கும். பின்லாந்தின் ஹெல்சின்கி நகரம் 2012-ல் இருந்து 2015 வரை இதைச் செய்து பார்த்தது, 'குட்சுபிளஸ்' என்று பெயர். பயணிகளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் மூடினார்கள். வேன் சின்னதாகிவிடும், ஓட்டுநர் சம்பளம் சின்னதாகுமா? பஸ் ஓட்டும் செலவில் பெரும் பகுதியே ஆட்கள் செலவுதான். வீடு வீடாகப் போய் ஏற்றுகிற வண்டி ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் சுமக்க முடியும், கூட்டம் கூடினால் எல்லோருக்கும் தாமதம்.

நெதர்லாந்தில் 1977-ல் இருந்தே வேறு வழி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் உட்காரும் வண்டி, அந்தப் பகுதி ஆட்களே சம்பளம் வாங்காமல் முறைவைத்து ஓட்டுகிறார்கள், சாதாரண கார் உரிமம் போதும். 'பூர்ட்பஸ்', அதாவது அக்கம்பக்கத்து பஸ். வண்டி சின்னது, ஆனால் ரூட்டும் நேரமும் நிலையானவை. பெரிய பஸ்ஸுக்கு ஆள் சேராத ஊர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். கூப்பிட்டால் வரும் வண்டி முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வேண்டும், அதை மறுக்கவில்லை. அதற்கு ஆப் மட்டும் வைத்தால் போதாது, போனில் பேசிப் பதிவு செய்கிற வசதியும் இருக்கட்டும்.

கேள்வி: டிக்கெட்டே இல்லாமல் இலவசமாக விட்டால் எல்லோரும் பஸ்ஸுக்கு வந்துவிடுவார்களே?

பதில்: காசு இல்லாதவருக்கு அது பெரிய உதவி, அந்த ஒரு காரணத்துக்காகவே செய்யலாம். காரை விட்டு இறங்க வைக்குமா என்றால் அவ்வளவாக இல்லை. எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் 2013-ல் நகரவாசிகளுக்கு இலவசமாக்கினார்கள். பஸ் பயணம் கூடியது, ஆனால் அதற்கு முன் நடந்துகொண்டிருந்தவர்கள்தான் நிறைய ஏறினார்கள். லக்சம்பர்க் 2020 மார்ச்சில் நாடு முழுக்கவே இலவசமாக்கியது. நாளுக்கு இரண்டே நடை பஸ் வரும் கிராமத்தில் நான் கேட்பது மூன்றாவது நடையைத்தான்.

கேள்வி: எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஊருக்குள் பஸ் வர வாய்ப்பே இல்லை என்கிறார்கள்.

பதில்: அப்படியானால் சைக்கிளைக் கேளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிற நேரத்தில் மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் வந்துவிடலாம். தூரம் மூன்று மடங்கு என்றால் அந்த நிறுத்தம் ஆளும் பரப்பு ஒன்பது மடங்கு. எத்தனை கிராமம் உள்ளே வந்துவிடுகிறது பாருங்கள்! மின்சார சைக்கிளாக இருந்தால் மேடும் எதிர்க்காற்றும்கூடப் பெரிய தடை இல்லை.

அதற்கு மூன்று விஷயம் வேண்டும். கூட்டுச்சாலை நிறுத்தத்தில் கூரையோடு பூட்டி வைக்கிற இடம், ராத்திரி எரிகிற விளக்கு, உள்ளே போகும் சாலையில் வேகக் கட்டுப்பாடு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நடப்பவரும் சைக்கிளும் வண்டியும் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம் என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொல்கிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெண் பிள்ளையை இருட்டுகிற நேரத்தில் அந்தச் சாலையில் சைக்கிளில் அனுப்ப வீட்டார் பயந்தால் திட்டம் காகிதத்தோடு சரி.

கேள்வி: நகரத்துக்குள் நெரிசல் தாங்கவில்லை. சாலையை அகலப்படுத்துவதுதானே வழி?

பதில்: அகலப்படுத்திய சாலை சீக்கிரமே நிரம்பிவிடும், இதைப் பல ஊர்கள் பார்த்தாகிவிட்டது. நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977-ல் வேறு மாதிரி யோசித்தது. மையப் பகுதியை நான்கு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு காரில் நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். சைக்கிளும் பஸ்ஸும் நேராகப் போகலாம். பெல்ஜியத்தின் கென்ட் நகரமும் 2017-ல் இதே வழியில் இறங்கியது. மேம்பாலத்தை விட மிகக் குறைந்த செலவு: தடுப்பு, பலகை, கேமரா. இதில் கிராமத்துக்கும் பங்கு உண்டு, நகரத்துக்குள் பஸ் மாட்டாமல் இருந்தால்தான் நான் மேலே சொன்ன அந்த ஐந்து நிமிடம் கிடைக்கும்.

கேள்வி: பல நிறுவனங்கள் பஸ் விடுகின்றன. ஒரே நேரத்தில் மூன்று வரும், அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை.

பதில்: பயணிகள் கூடும் நேரத்துக்கும் ரூட்டுக்கும் எல்லோரும் போட்டி போட்டால் இப்படித்தான் ஆகும். பிரிட்டனில் 1986 அக்டோபரில் லண்டன் தவிர மற்ற ஊர்களில் பஸ் ஓட்டுவதை நிறுவனங்களின் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே கிரேட்டர் மான்செஸ்டர் பகுதி 2023-ல் தொடங்கி 2025 ஜனவரியில் முடித்து, ரூட்டையும் நேரத்தையும் கட்டணத்தையும் திரும்பத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஓட்டுவது தனியார்தான். எப்போது, எங்கே என்று தீர்மானிப்பது பொது அமைப்பு. உங்கள் மாவட்டமும் கேட்க வேண்டியது அதைத்தான், கூடவே எந்த பஸ்ஸிலும் செல்லும் ஒரே டிக்கெட்டையும்.

கேள்வி: கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. நான் நிபுணன் இல்லை. போய் என்ன பேசுவது?

பதில்: தாராளமாகப் போங்கள், போவதற்கு முன் ஒரு நாள் செலவழியுங்கள். உங்கள் நிறுத்தத்தில் முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை ஒரு நோட்டோடு உட்காருங்கள், இரண்டு பேர் மாற்றிக்கொண்டாலும் சரி. எந்த நேரத்துக்கு வர வேண்டியது எப்போது வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினவர் அடுத்து எதற்காகக் காத்திருந்தார், எத்தனை நேரம். வராத பஸ்ஸையும் எழுதுங்கள். அலுத்துப்போய் ஷேர் வண்டியில் ஏறிப் போனவர்களையும் எழுதுங்கள், டிக்கெட் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். கையில் குழந்தை, சந்தைச் சுமை, ஊன்றுகோல் என்று வந்தவர்கள் படியேற எத்தனை சிரமப்பட்டார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கூட்டத்தில் வரைபடமும் வண்ணப் படமும் காட்டுவார்கள். நீங்கள் நோட்டைத் திறந்து அந்த ஒரு நாளை வரிசையாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தத் திட்டம் நிறைவேறிய பிறகு எங்கள் நிறுத்தத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு வரும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.