வீட்டுக் கடன் தவணை நின்றுவிட்டது, வங்கி நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டைக் காப்பாற்ற வழி உண்டா?

வேலை போனதால் சில மாதங்களாக இ.எம்.ஐ. கட்டவில்லை, 60 நாள் கெடு வைத்து வங்கி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. ஆனால் அந்த 60 நாளை வீணாக்கிவிடாதீர்கள்.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்புறம் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, வழக்குப் போடாமலே வங்கி உங்கள் வீட்டைச் சுவாதீனம் எடுத்து ஏலம் விடலாம். அதன் முதல் படிதான் அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவுப்படி உங்களுக்கு வந்திருக்கும் நோட்டீஸ். இதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள். மேனேஜரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தால் அது எங்கேயும் பதிவாகாது. வட்டிக் கணக்கில் தவறு இருந்தால் அதையும் எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஆட்சேபத்தை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் வங்கி காரணம் சொல்லியாக வேண்டும்.

நகையை வைத்து ஒரு தவணை, கைமாற்று வாங்கி இன்னொரு தவணை என்று கட்டினால் கணக்கு வாராக்கடனாகவேதான் இருக்கும். நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் பழைய நிலைக்கு வரும். கடன் காலத்தை நீட்டச் சொல்லியோ, ஒரே தடவையில் தீர்க்கிறேன் என்றோ கேட்டுப் பார்க்கலாம்; அது வங்கியின் விருப்பம், உங்கள் உரிமை இல்லை.

60 நாள் முடிந்தால் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களிலும் போடுவார்கள். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கின்றன. சிவில் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; இந்த விவகாரத்தில் சிவில் கோர்ட் தலையிட முடியாதபடி அந்தச் சட்டமே தடுத்திருக்கிறது.

அடுத்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஏல நாள் காலை வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்று இன்றைக்கும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் சித்தப்பாவும் அப்படித்தான் நம்பினார். ஊர் நிலத்தை விற்று முழுத் தொகையோடு போனபோது, ஏல விளம்பரம் வந்துவிட்டது, இனி வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் தினமும் படிக்கும் பேப்பரிலேயே, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் அது வந்திருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை. 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே உங்கள் கணக்கில் கெடு ஏல நாள் அல்ல, விளம்பர நாள்.

சம்பளம் சீக்கிரம் வராது என்று தெரிந்தால், நீங்களே விற்றுவிடுங்கள் என்பேன். ஏலத்தில் கடனுக்கு மேல் வந்தால் மீதி உங்களுக்குத்தான், ஆனால் ஏலத்தில் நல்ல விலை கிடைப்பது அபூர்வம். குறைந்தாலோ பாக்கியையும் உங்களிடமே கேட்பார்கள். நோட்டீஸ் வந்துவிட்டதால் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. முதலில் அந்தச் சம்மதத்தையும் இன்றைய தேதிக்கு மொத்த பாக்கி எவ்வளவு என்ற கடிதத்தையும் வாங்குங்கள். வாங்குபவர் கடன் தொகையை நேராக வங்கிக்குக் கட்டட்டும், மூலப் பத்திரம் வெளியே வரட்டும், மீதியை உங்கள் கணக்கில் பெற்றுக்கொண்டு கிரயம் செய்து கொடுங்கள்.