தருமபுரிப் பக்கம் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?

கிருமிக்குப் போதும், ஃபுளோரைடுக்குப் போதாது. பென்னாகரம் பக்கம் புதிதாகக் குடிவந்திருப்பதாகச் சொல்கிறீர்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது. ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

அந்த வட்டாரத்துப் பாறைகளிலிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் இது கரைந்து வருகிறது. பார்த்தாலும் குடித்தாலும் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை படியலாம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் பல் உருவாகும்போதே உள்ளே பதிந்த கறை அது. அளவு மிக அதிகமான நீரைப் பல வருஷம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கக்கூடும்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகு காவிரித் தண்ணீர் வருகிறது. சரி, உங்கள் தெருத் தொட்டியில் அது மட்டும்தான் ஏறுகிறதா, போர் தண்ணீரும் கலக்கிறதா? தொட்டி ஆபரேட்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கலக்கிறது என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து, ஃபுளோரைடு அளவைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அளவு கூடுதலாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ நீர், குளிக்கத் துவைக்கக் குழாய் நீர். வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.