நான்காவது டவுனில் 3 புள்ளியை ஏன் விடுகிறார்கள்?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலை (என்எஃப்எல்) இப்போதுதான் பார்க்கப் பழகுகிறேன். எதிரணியின் 30 யார்டு கோட்டில் நான்காவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசி), இன்னும் 2 யார்டு தேவை. ஃபீல்டு கோல் அடித்தால், அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால், 3 புள்ளி உறுதி. அதை விட்டுவிட்டு, மிச்ச யார்டை எடுக்க ஏன் முட்டிப் பார்க்கிறார்கள்? எது சரி என்று நான் எப்படிக் கணிப்பது?

பதில்: 3 புள்ளி உறுதி என்கிறீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 30 யார்டு கோட்டிலிருந்து அடிப்பது 30 யார்டு உதை இல்லை. கோல் கம்பம், கோல் கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்கிறது. அதற்கு 10 யார்டு. உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் வாங்கி ஊன்றுவதற்கு இன்னொரு 7, 8 யார்டு. ஆக 47, 48 யார்டு. நாலில் மூன்று முறை உள்ளே போகும் என்று வைத்துக்கொண்டால் அந்த உதையின் மதிப்பு இரண்டே கால் புள்ளிதான்.

முட்டிப் பார்த்தால்? 2 யார்டு எடுப்பதில் பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கிறார்கள். ஜெயித்தால் உடனே புள்ளி இல்லை, ஆனால் புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். அந்த இடத்தில் அது சராசரியாக 4 புள்ளியை நெருங்கும். பெருக்கிப் பாருங்கள், இதுவும் இரண்டே கால் பக்கம்தான் வரும்.

சரி, சமம் என்றால் எதைப் பார்ப்பது? தோற்றால் பந்து எங்கே போகிறது என்பதை. ஃபீல்டு கோல் தவறினால் எதிரணி உதைத்த இடத்திலிருந்து தொடங்கும், அதாவது 37, 38-இல். முட்டித் தோற்றால் 30-இலேயே. அதனால் 2 யார்டு என்றால் என் ஓட்டு முட்டிப் பார்ப்பதற்கே. 1 யார்டு என்றால் யோசிக்கவே வேண்டாம். 6, 7 யார்டு என்றால் கிக்கரைக் கூப்பிடலாம்.

கோல் கோட்டை நெருங்க நெருங்க இது இன்னும் வலுக்கும். பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 1998 முதல் 2000 வரையிலான ஆட்டங்களை வைத்து இதைக் கணக்கிட்டு, 2006-இல் கட்டுரையாக வெளியிட்டார். 2 யார்டு கோட்டில் நான்காவது டவுன் என்றால் டச்டவுன் (பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோவது, கூடுதல் உதையோடு 7 புள்ளி) வாய்ப்பு சுமார் ஏழில் மூன்று. 7 புள்ளியில் ஏழில் மூன்று, அங்கிருந்து உதைத்தால் கிட்டத்தட்ட உறுதியாகக் கிடைக்கும் அதே 3 புள்ளி. ஆனால் தோற்றாலும் எதிரணி தன் 2 யார்டு கோட்டில் முதுகை ஒட்டி நிற்கும். ஃபீல்டு கோல் அடித்தாலோ, அடுத்து பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் கிக்ஆஃபில் அவர்களுக்கு நல்ல இடம் கிடைத்துவிடும். இருந்தும் அன்றைய கோச்சுகள் பெரும்பாலும் உதைக்கவே செய்தார்கள். உதைத்துத் தோற்றால் கோச்சை யாரும் திட்டுவதில்லை, அவ்வளவுதான் காரணம் என்பேன். கடந்த சில ஆண்டுகளில்தான் அந்தப் பயம் குறைந்திருக்கிறது.

திட்டு மட்டும் குறையவில்லை. 2024 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸ் கோச் டான் கேம்பல், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக 24-10 என்று முன்னிலையில் இருந்தபோது, 28 யார்டு கோட்டில் உங்கள் கேள்வியில் உள்ள அதே 2 யார்டுக்கு முட்டினார். கைக்கு வந்த பந்தை ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிக்கும் வீரர்) நழுவவிட்டார். ஆட்டம் 34-31 என்று கைவிட்டுப் போனது. ஊரே கேம்பலைத் திட்டியது. பந்து நழுவியதற்கு முடிவெடுத்தவர் என்ன செய்வார்?

இந்தச் சராசரிக் கணக்கெல்லாம் முதல் மூன்று குவார்ட்டருக்குத்தான். கடைசி நிமிடங்களில் ஒரே கேள்வி: இந்த 3 புள்ளி வந்த பிறகும் எனக்கு டச்டவுன் தேவையா? 2021 ஜனவரியில் தாம்பா பே அணியிடம் 31-23 என்று பின்தங்கியிருந்த கிரீன் பே, இரண்டு நிமிடம் சொச்சம் மீதமிருக்க, 8 யார்டு கோட்டில் ஃபீல்டு கோல் அடித்தது. ஸ்கோர் 31-26 ஆனது. அதன் பிறகும் டச்டவுன் தேவைதான், அதுவும் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு. 8 யார்டு கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்ப அந்த 8 யார்டு கோடு வரை வருவது அதைவிடக் கஷ்டம். பந்து அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.