மகளுக்கு மூன்றே வரி

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். சர்க்கரையை அடியோடு நிறுத்திப் பார்த்தேன், பலன் இல்லை. கோபத்தில் இருக்கும்போது கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னால், கையில் இருப்பதை வீசுகிறான். கணவர் வேலை முடிந்து களைத்து வருவார், அவரைத் தொந்தரவு செய்ய முடியாது. மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவளால் ஒரு தொல்லையும் இல்லை. தம்பியை வீட்டுப்பாடம் எழுத வைப்பது அவள்தான். ஆனால் நின்றுகொண்டே எழுத விடுவது, பந்தை உருட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்ல விடுவது என்று அவனைக் கெடுக்கிறாள். அவன் மனம் அமைதியாக ஏதாவது பயிற்சி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். நான்கு பக்கமும் மகன், மகளுக்கு மூன்றே வரி. அதிலும் ஒரு வரி புகார்.

அந்தப் புகாரையே எடுத்துக்கொள்கிறேன். அவள் அவனைக் கெடுக்கவில்லை, தாயே. நீங்கள் என்னிடம் கேட்ட பயிற்சியைத்தான் உங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு உடம்பு அசைந்துகொண்டிருந்தால்தான் கவனம் நிற்கும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் சரியான விடை சொன்ன தருணங்களில்தான் அவர்களுடைய அசைவும் கூடுதலாக இருந்தது. உங்கள் மகள் இதையெல்லாம் படித்திருக்க மாட்டாள். தம்பியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள். நீங்களோ அவனை ஆடாமல் உட்கார வைப்பதிலேயே அவன் தெம்பு முழுவதையும் கரைத்துவிடுகிறீர்கள். அப்புறம் கணக்குப் போட எது மிஞ்சும்?

சர்க்கரை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதில்லை என்று 1995-லேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் வெளியான இன்னொரு சோதனை எனக்கு மறப்பதே இல்லை. பிள்ளைகளுக்குச் சர்க்கரையே கொடுக்காமல், கொடுத்ததாகச் சில தாய்மார்களிடம் மட்டும் சொன்னார்கள். அந்தத் தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளுவதாகத் தெரிந்தது, குறை சொல்வதும் கூடியது. துள்ளல் பாதி நம் கண்ணிலும் இருக்கிறது.

2007-இல் மூளைப் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, முதிர்வது சராசரியாக 3 ஆண்டு தாமதமாகிறது என்றும், தன்னை அடக்கிக்கொள்வதற்கும் திட்டமிடலுக்கும் பொறுப்பான முன்பகுதியில் அந்தத் தாமதம் அதிகம் என்றும் சொன்னது. அடக்கம் என்று வரும்போது அவனை ஐந்து வயதுப் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கையில் இருப்பதை வீசும்போது மூச்சுப் பயிற்சி நடத்தாதீர்கள். நீச்சலைக் கரையில் இருக்கும்போது கற்றுத்தர வேண்டும், மூழ்குகிறவனிடம் பாடம் எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் உடைகிற பொருளை நகர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருங்கள். மூச்சுப் பயிற்சியெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருக்கும் வேளையில், விளையாட்டாக.

மற்றபடி எழுத உட்காரும் முன்பு அவன் நன்றாக ஓடியாடட்டும். பத்து நிமிடம் எழுத்து, இரண்டு நிமிடம் குதிப்பு என்று மாற்றி மாற்றி விடுங்கள். சமையலறையிலிருந்து கத்தாமல், கிட்டே போய் தோளைத் தொட்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். மருந்து பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மருத்துவர் எழுதித் தந்து பயத்தில் நீங்களே நிறுத்தியிருந்தால், அவரிடம் போய் அந்தப் பயத்தைச் சொல்லுங்கள். இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு மருந்தும் பெற்றோருக்கான பயிற்சியும் சேர்ந்துதான் கைகொடுக்கும். பெற்றோருக்கான பயிற்சி என்றுதான் அதற்குப் பெயர். அக்காவுக்கான பயிற்சி என்று எங்கும் கிடையாது.

சரி, இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். கோபித்தாலும் பரவாயில்லை.

பன்னிரண்டு வயதுப் பெண் "ஒரு தொல்லையும் இல்லை" என்று இருப்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் கவலைதான் வந்தது. தொல்லை கொடுக்க அந்த வீட்டில் அவளுக்கு இடம் எங்கே இருக்கிறது? இடம் முழுவதும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதே. அவளுடைய வீட்டுப்பாடத்தை அவள் எத்தனை மணிக்கு எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அவள் தோழியின் பெயர் தெரியுமா? நான்கு பக்கத்தில் அவள் பெயர்கூட இல்லை. மகனின் பெயரைப் பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன்.

அக்கா என்பவள் தம்பியோடு சண்டை போட வேண்டும், ரிமோட்டைப் பிடுங்க வேண்டும், அவனைப் பற்றி உங்களிடம் கோள் சொல்ல வேண்டும். அவனை வளர்க்கும் கடமை பெற்றவர்களுடையது. நீங்கள் இல்லாத காலத்தில் அவனுக்கு அவள் துணை வேண்டும் என்றால், இப்போதே அவளைக் களைத்துப்போக வைக்காதீர்கள். களைப்பு என்ற சொல்லை உங்கள் கணவருக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். அவர் களைத்துத்தான் வருவார், ஒப்புக்கொள்கிறேன். அதே களைப்போடு பந்தை உருட்டட்டும். வாய்ப்பாடு கேட்கப் பெரிய தெம்பு வேண்டாம்.

எப்படி உருட்டுவது, எந்த இடத்தில் நிறுத்துவது, அவன் எரிச்சலாகப் போகிறான் என்பது எதில் தெரியும், இதையெல்லாம் உங்கள் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் இரண்டு பேரும். தெரிந்துகொண்ட மறுநாளிலிருந்து அந்த வேலை அவளுடையது இல்லை.

அப்புறம் ஒரு நாள் மாலை கதவைச் சாத்திவிட்டு அவளோடு மட்டும் அரை மணி நேரம் உட்காருங்கள். தம்பி பேச்சை எடுக்கக் கூடாது. அவள் முதலில் கேட்கப்போவது, "தம்பியை யாரும்மா பார்த்துக்கிறாங்க?" என்றுதான். "அப்பா" என்று சொல்ல முடிகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.