நாள் முழுக்க விளையாட்டு, எப்போது படிப்பான்?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. எந்நேரமும் விளையாட்டுதான். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு பஸ் ஓட்டுகிறான், தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். எழுத உட்காரவைத்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. பூங்காவிலும் சில நாள் மற்ற பிள்ளைகளோடு சேராமல், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடுகிறான். விளையாட்டைக் குறைத்து, எழுத்தும் எண்ணும் கற்றுத்தரும் செயலி எதையாவது மொபைலில் போட்டுக்கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விளையாட்டைக் குறைக்கவே குறைக்காதீர்கள் அம்மா. நீங்கள் எதிர்பார்க்கும் படிப்புக்கு அவன் இப்போதே அதில்தான் தயாராகிக்கொண்டிருக்கிறான்.

நாற்காலி பஸ் ஆகவேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரிவது ஒன்று, மனதில் வைத்திருப்பது வேறொன்று என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாளைக்குக் காகிதத்தில் இருக்கும் ஒரு வளைகோடு ஓர் ஒலியைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்ளவும் இதே திறன்தான் வேண்டும். சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களிலேயே, குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையை எடுத்துக்காட்டி இதை விளக்கினார். அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: பாவனை விளையாட்டில் குழந்தை தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. டிரைவர் என்றால் எல்லோரும் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், நினைத்தபோது இறங்கி ஓட முடியாது, இதை யாரும் அதட்டிச் சொல்லாமலே அவன் செய்கிறான் பாருங்கள், ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதத் தேவையான பொறுமை அங்கேதான் வளர்கிறது. தனக்குத்தானே பேசுவதும் இந்த வயதில் இயல்பு. வாய்விட்டு யோசிக்கிறான், அவ்வளவுதான்.

எழுத்துக்கு அவசரம் வேண்டாம். விரல்களுக்கு இன்னும் பலம் வரவேண்டும். களிமண் பிசையட்டும், மணலைத் தோண்டட்டும், கம்பியைப் பிடித்துத் தொங்கட்டும்.

செயலி விஷயத்துக்கு வருவோம். அதில் என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள், குழந்தை தொட்டால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரை 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் குறையக் குறைய நல்லது.

பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடுவதை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்டன் 1932லேயே 'இணை விளையாட்டு' என்று பதிவு செய்திருக்கிறார். சின்ன வயதில் இது அதிகம். சேர்ந்து விளையாடத் தெரிந்த பிள்ளைகளும் அவ்வப்போது இதற்குத் திரும்புவார்கள். அவனைத் தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம், அவன் கூப்பிட்டால் நீங்களும் பயணியாக ஏறிக்கொள்ளுங்கள். ஆனால் "இந்த பஸ்ஸுக்கு எத்தனை சக்கரம் சொல்லு" என்று அதைத் தேர்வாக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. விளையாட்டு அடுத்து எங்கே போகிறது என்பதை அவனே தீர்மானிக்கட்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருக்கிறான், முகம் பார்த்துப் பேசுவதில்லை, மற்ற பிள்ளைகள் மேல் ஆர்வமே இல்லை, ஒரே பொருளை ஒரே விதமாகச் சுழற்றிக்கொண்டோ அடுக்கிக்கொண்டோ இருக்கிறான் என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.