வீசிய கன்றுக்கு எத்தனை மாதம்? ஒட்டகக் கணக்கு உதவுமா?

கேள்வி: திருவட்டார் பக்கம் எங்கள் வீடு. கலப்பின ஜெர்சி மாடு, சினை ஊசி போட்ட அட்டைப்படி 7 மாதச் சினை. நேற்று கன்று வீசிவிட்டது, அதாவது குறைமாதத்திலேயே விழுந்துவிட்டது. அளந்தால் 36 செ.மீ. தான் இருக்கிறது. போனில் ஒட்டகக் கருவின் அளவுப் பட்டியல் கிடைத்தது, அதை வைத்து மாதம் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. ஒட்டகத்துக்குச் சினைக்காலம் 13 மாதம், பசுவுக்கு ஒன்பதரை மாதம் கூட இல்லை, அப்புறம் அதன் கழுத்தும் காலும் வேறு வாகு.

பசுவுக்கு எளிய கணக்கு உண்டு. மாதத்தை, அதோடு 2 கூட்டி வரும் எண்ணால் பெருக்குங்கள். உச்சந்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளம் ஏறக்குறைய அத்தனை செ.மீ. 7 மாதம் என்றால் 63 வரணும். உங்கள் 36 ஐந்து மாதத்துக்குத்தான் பொருந்துகிறது. முடியையும் பாருங்கள்: புருவத்திலும் வாயைச் சுற்றியும் மட்டும் மெல்லிய முடி இருந்தால் அதே ஐந்து மாதம்தான், உடம்பு முழுக்க முடி மூட எட்டாவது மாதம் ஆகிவிடும்.

அப்படியானால் மீதி இரண்டு மாதம் எங்கே? கன்று தோல் சுருங்கி, பழுப்பேறி, கண் குழிந்து காய்ந்து போயிருந்தால் அது முன்பே உள்ளே செத்துக் கிடந்தது. தோல் ஈரமாக, புதிதாக இருந்தால் முதல் ஊசி நிற்கவே இல்லை, பிறகு மாடு பருவத்துக்கு வந்து மேயப்போன இடத்தில் ஏதோ காளை சேர்ந்திருக்கும், ரப்பர் தோட்டத்தில் அவிழ்த்துவிடுகிற வீடுகளில் இது சகஜம்.

ஆனால் எனக்குக் கவலை அளவில் இல்லை. ஐந்து மாதத்துக்கு மேல் கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்), அது மனிதருக்கும் தொற்றும். கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீங்க, நாய் இழுக்கவும் விடாதீங்க. மருத்துவர் வந்து சோதனைக்கு மாதிரி எடுத்த பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நஞ்சு விழவில்லை என்றால் நீங்களே இழுக்க வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும். மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நோய் இல்லை என்று வந்தாலும் மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், வீசிய புதிதில் சில சமயம் காட்டாது. அதுவரை அந்த மாட்டைத் தொழுவத்தில் தனியாகக் கட்டுங்கள், காளையோடு சேர்க்காதீங்க, பாலை நன்றாகக் கொதிக்க வைக்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.